டர்பன் வெயிலில் ஹாப்ஸ்: என் அனுபவம்

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள என் வீட்டில் நட்ட ஹாப்ஸ் கொடிகள் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூக்களுக்காக வளர்ப்பது; என்னுடையது செக் நாட்டுச் சாஸ் ரகம்) இரண்டு ஆண்டுகளாக ஒன்றரை மீட்டரிலேயே நின்று, நவம்பரிலேயே பூத்துவிட்டன. கூம்புப்பூக்கள் மொச்சைக்கொட்டை அளவுதான், அதுவும் ஒரு கைப்பிடிக்கு மேல் தேறவில்லை.

வெயில்தான் காரணம் என்று நிழல்வலை கட்டினேன். கொடி இன்னும் மெலிந்தது. மாட்டெரு கூட்டினேன், இலை கறுத்ததே தவிர பூக்கும் நாள் மாறவில்லை. வேர்கூட 50 லிட்டர் தொட்டியில் தாராளமாகத்தான் இருந்தது.

வராந்தா விளக்கை ஒட்டிய ஒரு கொடி மட்டும் பூக்காமல் கூரையைத் தொட்டிருந்தது. அதே கிழங்கு, அதே மண். அங்கே இரவு பத்து மணி வரை விளக்கு எரியும்!

ஹாப்ஸுக்குச் சூட்டைவிடப் பகல் நீளம் முக்கியம். டர்பனில் மிக நீண்ட பகலே சுமார் 14 மணி நேரம்தான். ஹாப்ஸுக்குப் பெயர்போன ஜெர்மனியின் ஹால்லெர்டாவில் 16. பகல் குறைவாக இருந்தால், போதுமான கணுக்கள் விட்டதுமே கொடி வளர்ச்சியை விட்டுப் பூக்கப் போய்விடும்.

செப்டம்பர் முதல் கொடிக்கு மேலே 10 வாட் எல்.இ.டி. பல்பு, மாலை மங்குமுன் தொடங்கி இரவு 10 வரை. இடையில் ஓர் இரவுகூட விடக்கூடாது. கொடி ஐந்து மீட்டர் கயிற்றின் உச்சியைத் தொட்டதும், டிசம்பர் நடுவில், அணைத்தேன். பிறகுதான் பக்கக்கிளைகள் முழுக்கப் பூத்தன.

புதிதாக நடுபவர்கள் சாஸை விட்டுவிட்டு, தென்னாப்பிரிக்காவின் ஜார்ஜ் நகரப் பக்கத்துக் குறும்பகலுக்கென்றே உருவான சதர்ன் ஸ்டார் ரகக் கிழங்கைத் தேடுங்கள்.