இருபது நிமிடத்தில் ஓர் எழுத்தாளரின் வாழ்க்கையைச் சொல்வது எப்படி

கடலூர் முதுநகரில் ஒரு வீட்டு மொட்டைமாடியில், மாதக் கடைசி ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு எங்கள் வாசகர் வட்டம் கூடும். இருபது பேர் வருவார்கள், சில மாதம் முப்பது. துறைமுகத்தில் ஐஸ் வியாபாரம் செய்யும் அண்ணன், சிப்காட்டில் ஷிப்டு பார்க்கும் இரண்டு தம்பிகள், ஓய்வுபெற்ற டீச்சர்கள், கல்லூரிப் பிள்ளைகள். நான் அரசு மருத்துவமனையில் மருந்தாளுநர். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர், உலக எழுத்தாளர் ஒருவருடைய வாழ்க்கையை இருபது நிமிடம் சொல்ல வேண்டும். முதல்முறை பேசப் போகிறவர்கள் என்னிடம் வந்து, "எங்கேருந்துக்கா ஆரம்பிக்கிறது?" என்று கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன்.

பிறந்த வருடத்தில் ஆரம்பிக்காதீர்கள். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். எட்டு வருடம் முன்பு, ரஷ்ய எழுத்தாளர் செகாவ். பிறந்தது 1860, ஊர் தாகன்ரோக், மருத்துவப் படிப்பு, நாடகங்கள், திருமணம், மரணம் 1904 என்று வரிசையாக நாற்பது நிமிடம் வாசித்தேன். தப்பாக ஒரு வரிகூட இல்லை. ஆனால் கீழே இறங்கிப் போனவர்கள் யாருக்கும் செகாவ் என்ற மனிதர் கண்ணில் தெரியவில்லை. எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. எனக்கு உயிரான ஒருவரை அறிமுகப்படுத்தப் போய், அவருடைய ஜாதகத்தை மட்டும் வாசித்துவிட்டு வந்திருக்கிறேன்.

சரி, எதில் ஆரம்பிப்பது? ஒரு கதையில். வாழ்க்கை வரலாற்றைத் தொடும் முன்பு அவர் எழுதிய ஒரே ஒரு சிறுகதையை மூன்று முறை படியுங்கள். மூன்றாவது முறை சத்தமாக. செகாவுக்கு நான் எடுப்பது, மகனைப் பறிகொடுத்த குதிரை வண்டிக்காரன் கதை. பனி கொட்டும் இரவில் ஏறி இறங்கும் சவாரிகளிடமெல்லாம் அவன் "என் பையன் செத்துட்டான் சாமி" என்று சொல்லிப் பார்க்கிறான். ஒருவரும் காது கொடுக்கவில்லை. கடைசியில் லாயத்துக்குப் போய்த் தன் குதிரையிடம் எல்லாவற்றையும் சொல்கிறான். அவ்வளவுதான் கதை. இதை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டு, "இதை எழுதியபோது அந்த ஆளுக்கு வயது 26, பகலில் நோயாளிகளைப் பார்க்கிற டாக்டர்" என்று சொன்னால் போதும். கேட்பவர்களே அடுத்த கேள்வியைக் கேட்பார்கள். யார் இவர், எப்படி இவருக்கு இது தெரிந்தது? இனி நீங்கள் சொல்லும் வாழ்க்கைக்கு ஒரு வேலை வந்துவிட்டது.

அப்புறம், முழு வாழ்க்கையையும் சொல்ல வேண்டாம். ஒரு பயணமோ, ஒரு வருடமோ, ஒரு ராத்திரியோ போதும். செகாவுக்கு 1890ஆம் வருடம். சைபீரியாவைக் கடக்க அப்போது ரயில் கிடையாது. பெரும்பாலும் குதிரை வண்டியிலும் படகிலுமாகக் கிட்டத்தட்ட மூன்று மாதம் போய், கைதிகளை அடைத்துவைத்திருந்த சகலின் தீவில் இறங்கினார். அச்சடித்த அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு, காலை ஐந்து மணிக்கு எழுந்து, வீடு வீடாகப் போய்ப் பெயர், வயது, படிப்பு, வியாதி என்று கேட்டு எழுதினார். மூன்று மாதத்தில் ஏறக்குறைய பத்தாயிரம் பேர். நம் சுகாதாரச் செவிலியர்கள் கையில் படிவத்தோடு தெருத் தெருவாகப் போவதைப் பார்த்திருக்கிறோம் இல்லையா, அதே வேலை. திரும்பும்போது கப்பலில் ஹாங்காங், சிங்கப்பூர் வழியாகக் கொழும்புக்கு வந்தார். சிங்கப்பூர் வரும் வழியில் இறந்த இரண்டு பேரைக் கடலில் இறக்கியதை நேரில் பார்த்தார். ஒரு படைவீரன் கப்பலில் இறந்து கடலுக்குள் போகும் கதையை அந்தப் பயணத்தில்தான் எழுதினார். கொழும்பில் ஒரு கீரிப்பிள்ளை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனார் என்பதையும் விட்டுவிடாதீர்கள். கல்லூரிப் பிள்ளைகளுக்கு அதற்கப்புறம் செகாவ் என்றால் கீரிப்பிள்ளைதான், ஆனால் மறக்க மாட்டார்கள்.

எந்தப் பகுதியை எடுப்பது என்று குழப்பமாக இருந்தால், உங்கள் எதிரே உட்காரப் போகிறவர்களின் தொழிலை நினைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் மொழியில் எழுதிய காஃப்காவைப் பற்றிப் பேசிய டீச்சர் ஒருவர், புரியாத எழுத்து, இருள், அந்நியமாதல் என்று குறிப்பு எடுத்து வந்து என்னிடம் காட்டினார். சிப்காட் தம்பிகள் வருவார்களே டீச்சர், அவர்களுக்குக் காஃப்காவின் ஆபீஸைச் சொல்லுங்கள் என்றேன். காஃப்கா 1908இல் இருந்து 1922 வரை பிராக் நகரில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தார். மரம் இழைக்கும் இயந்திரத்தில் விரல் போனவர்களின் கோப்புகள் அவர் மேஜைக்கு வரும். சதுரத் தண்டுக்குப் பதில் உருளைத் தண்டு வைத்தால் விரல் பிழைக்கும் என்று படம் போட்டு அறிக்கை எழுதியிருக்கிறார். மதியம் இரண்டு மணிக்கு ஆபீஸ் முடியும். வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்து, ராத்திரியில் எழுதுவார். 1912 செப்டம்பர் 22 இரவு பத்து மணிக்கு உட்கார்ந்தவர் மறுநாள் காலை ஆறு மணிக்கு ஒரு முழுக் கதையை முடித்துவிட்டு எழுந்தார். டீச்சர் இதைச் சொன்னபோது ஒரு தம்பி, "நைட் ஷிப்டு" என்றான். அதுவரை அவன் எந்தக் கூட்டத்திலும் வாய் திறந்ததில்லை.

எனக்கு என் தொழில் வழியாகத் திறக்கும் கதவு காசநோய். செகாவ் 44 வயதில், காஃப்கா 40 வயதில், நம் திருப்பாதிரிப்புலியூரில் 1906இல் பிறந்த புதுமைப்பித்தன் 42 வயதில். மூன்று பேரையும் கொண்டுபோனது ஒரே கிருமி. காஃப்காவுக்குத் தொண்டையில். கடைசி வாரங்களில் பேசக் கூடாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டதால் துண்டுக் காகிதங்களில் எழுதிக் காட்டினார். சோறு தண்ணீர் இறங்காத அந்த நிலையில் அவர் திருத்திக்கொண்டிருந்தது, பட்டினி கிடப்பதைத் தொழிலாகக் கொண்ட ஒருவனைப் பற்றிய கதையின் அச்சுப்படியை. காசநோயைக் குணப்படுத்திய முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல்தான் பிரித்தெடுக்கப்பட்டது. இன்றைக்கு என் கவுன்ட்டரில் ஆறு மாத மாத்திரை இலவசமாகத் தருகிறோம். பாதியில் நிறுத்திவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இந்த மூன்று பேரும்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். சிலரிடம் புதுமைப்பித்தனைப் பற்றியே சொல்லியிருக்கிறேன்.

தேதிகளில் கவனம் தேவை. கையில் வைத்துக்கொள்ளும் குறிப்பு அட்டையில் இரண்டு மூன்று தேதிக்கு மேல் வேண்டாம், ஆனால் இருப்பவை சரியாக இருக்கட்டும். ரஷ்யாவில் 1918 வரை பழைய நாட்காட்டி. அதனால் செகாவ் பிறந்தது ஒரு புத்தகத்தில் ஜனவரி 17 என்றும் இன்னொன்றில் 29 என்றும் இருக்கும், இரண்டும் சரி. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தேதிக்கு 12 நாளும் இருபதாம் நூற்றாண்டுத் தேதிக்கு 13 நாளும் கூட்டிக்கொள்ள வேண்டும். ஷேக்ஸ்பியரும் ஸ்பெயின் எழுத்தாளர் செர்வாண்டிசும் ஒரே நாளில் இறந்தார்கள் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். 1616 ஏப்ரல் 23 என்று இருவருக்கும் போட்டிருக்கும். ஆனால் இங்கிலாந்தின் நாட்காட்டி ஸ்பெயினைவிடப் பத்து நாள் பின்தங்கி இருந்தது.

கேட்க இனிமையாக இருக்கும் கதைகளிடம் இன்னும் ஜாக்கிரதை. பாரதியை யானை மிதித்துக் கொன்றது என்று இன்றும் சொல்கிறார்கள். திருவல்லிக்கேணிக் கோயில் யானை அவரைத் தள்ளியது உண்மை. ஆனால் அதிலிருந்து தேறி, 1921 ஜூலை கடைசியில் ஈரோடு கருங்கல்பாளையம் வரை போய்ப் பேசியிருக்கிறார். செப்டம்பரில் அவர் உயிரைப் பறித்தது வயிற்றுக்கடுப்பு. அதேபோல், செகாவ் கடைசியாக ஒரு கோப்பை ஷாம்பெய்ன் குடித்தார் என்ற செய்தி அவர் மனைவி ஓல்கா எழுதிவைத்தது. ஓல்கா அருகிலேயே இருந்தவர். அதனால் "ஓல்கா சொல்கிறார்" என்று சேர்த்தே சொல்லுங்கள். யார் சொன்னது என்று தெரியாத கதை எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை விட்டுவிடுங்கள். கடலூர்க்காரர்களான நாம் பாரதி விஷயத்தில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். 1918 நவம்பரில் புதுச்சேரி எல்லையைத் தாண்டியதும் பிடித்து, அவரை அடைத்துவைத்தது நம் ஊர்ச் சிறையில்.

புத்தகத்துக்கு மாவட்ட மைய நூலகம் போதும். கிடைக்காவிட்டால் புதுச்சேரி பஸ் ஏறி ரோமன் ரோலண்ட் நூலகம் போவேன். அந்தப் பெயரே ஒரு பேச்சுக்குப் போதுமான விஷயம். பீத்தோவன், டால்ஸ்டாய், காந்தி, ராமகிருஷ்ணர், விவேகானந்தர் என்று பிறர் வாழ்க்கையை எழுதியே பாதி ஆயுளைக் கொடுத்தவர் பிரெஞ்சு எழுத்தாளர் ரோலண்ட். மாணவராக இருந்தபோது, தன் மனதைக் குடைந்த கேள்விகளை டால்ஸ்டாய்க்கு எழுதிக் கேட்டார். 1887இல் டால்ஸ்டாயிடமிருந்து "அன்புச் சகோதரரே" என்று தொடங்கி நீண்ட பதில் வந்தது. முன்பின் தெரியாத ஒரு பையனுக்கு, உலகம் அறிந்த ஒரு பெரியவர் உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்.

குறிப்புகளை ஓர் அஞ்சல் அட்டை அளவுக்கு மேல் எடுக்காதீர்கள். மொபைலைப் பார்த்துப் படிக்க வேண்டாம், கண் கீழே போனால் கேட்பவர்களின் கண்ணும் போய்விடும். ரஷ்யப் பெயர்களை முழுதாகச் சொல்லி யாரையும் திணறடிக்க வேண்டாம், ஒரு பெயர் போதும், கடைசிவரை அதையே சொல்லுங்கள். தமிழில் மொழிபெயர்த்தவர் பெயரைக் கட்டாயம் சொல்லுங்கள். ரஷ்ய எழுத்தாளர் கார்க்கியின் 'தாய்' நாவல் நம் வீட்டுக்குள் வந்தது தொ.மு.சி. ரகுநாதன் கையால். அவரேதான் புதுமைப்பித்தனின் வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார்.

முடிக்கும்போது 'காலத்தால் அழியாதவர்' என்றெல்லாம் வேண்டாம். அவர் விட்டுப்போனதில் கையால் தொடக்கூடிய ஒன்றைச் சொல்லுங்கள். செகாவ் என்றால், தன் ஊர் நூலகத்துக்கு அவர் பெட்டி பெட்டியாக அனுப்பிய புத்தகங்கள். காஃப்கா என்றால், எரித்துவிடு என்று அவர் சொல்லியும் எரிக்காமல், 1939இல் பிராகை விட்டுத் தப்பியபோது நண்பர் மாக்ஸ் பிராட் கையோடு கொண்டுபோன கையெழுத்துப் பிரதிகள்.

பேச்சு முடிந்ததும் கேள்விக்குப் பத்து நிமிடம் விடுங்கள். நான் இரண்டாம் முறை செகாவைப் பேசியபோது, ஜெர்மனியிலிருந்து அவர் உடல் சிப்பி கொண்டுபோகும் குளிர்பதன வண்டியில் மாஸ்கோ வந்ததைச் சொன்னேன். ஐஸ் அண்ணன் கையைத் தூக்கி, "ஜூலை மாசம், அத்தனை தூரம். வழியில எத்தனை இடத்துல ஐஸ் மாத்தியிருப்பாங்க மேடம்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அட்டையின் பின்பக்கம் குறித்துக்கொண்டேன். அவர் அன்றைக்கே செகாவ் தொகுப்பு ஒன்றை இரவல் வாங்கிப் போனார்.

இன்னொன்று. ஏப்ரலில் மட்டும் வெளிநாட்டுக்காரர்களுக்கு விடுமுறை. 24 மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தன், 25 புதுமைப்பித்தன், 27 பிரபஞ்சன், 29 பாரதிதாசன். ஒரு மணி நேர பஸ் தூரத்துக்குள், ஆறு நாள் இடைவெளியில் நான்கு பிறந்தநாள். அந்த மாதம் நான்கு பேர் பேசுவதால் நாலு மணிக்கே தொடங்கிவிடுவோம். பேச விரும்புகிறவர்கள் மார்ச் கூட்டத்திலேயே பெயர் கொடுத்துவிடுங்கள்.