ஊரும் காலனியும்: குடியிருப்புப் பிரிவினையை இளங்கலை மாணவர்கள் அளப்பது எப்படி

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ப்ராஜெக்ட் செய்யும் சமூகவியல் மாணவர்கள் பெரும்பாலும் முதலில் எடுப்பது வேறுபாட்டுக் குறியீட்டைத்தான். அமெரிக்க நகரங்களில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் எவ்வளவு பிரிந்து வாழ்கிறார்கள் என்பதை அளக்கப் பயன்படும் இந்தக் குறியீட்டை டட்லி டங்கனும் பெவர்லி டங்கனும் 1955-ல் விரிவாக ஆராய்ந்தார்கள். 0 என்றால் கலந்து வாழ்கிறார்கள், 1 என்றால் முழுப் பிரிவினை. அமெரிக்காவில் 0.6-ஐத் தாண்டினாலே கடுமையான பிரிவினை என்பார்கள்.

கணக்கு எளிது. ஒவ்வொரு பகுதியிலும் ஆதிதிராவிடர் எண்ணிக்கையை அவர்களின் மொத்தத்தால் வகுங்கள்; மற்றவர்களுக்கும் அப்படியே. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை, கழித்தல் குறியை விட்டுவிட்டு, எல்லாப் பகுதிக்கும் கூட்டிப் பாதியாக்குங்கள்.

தப்பு நடப்பது பகுதியைத் தேர்ந்தெடுப்பதில். ஒரு கற்பனைக் கிராமத்தை நான்கு பகுதியாகப் பிரிப்போம். ஆதிதிராவிடர் 180, 20, 0, 0. மற்றவர்கள் 20, 180, 300, 300. வித்தியாசங்கள் 0.875, 0.125, 0.375, 0.375. கூட்டினால் 1.75, பாதி 0.875. அதே கிராமத்தை ஒரே பகுதியாக எடுத்தால் விடை 0. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கிராம அட்டவணையில் எண்கள் இப்படித்தான் கிடைக்கின்றன: ஒரே வருவாய்க் கிராமத்துக்குள் ஊர், காலனி, கொட்டாய் (வயல் பக்கத்துச் சிறு குடியிருப்பு) எல்லாம் ஒன்றாக. அதை வைத்து மாவட்டம் முழுக்கக் கணக்குப் போட்டால், நடுவில் ஒரு ரோடு பிரிக்கும் ஊரும் காலனியும் ‘கலந்து வாழும்’ கிராமமாகிவிடும். அதனால் வீட்டு வரிசையை நீங்களே நடந்து எடுக்க வேண்டும்.

இருவர் சேர்ந்து போங்கள். பேருந்து நிற்கும் இடத்தில் தொடங்கி, ஏ3 தாளில் தெருக்களை வரையுங்கள். மேல்நிலைத் தொட்டி, ரேஷன் கடை, அங்கன்வாடி, கோயில், சுடுகாடு ஆகியவற்றைக் குறித்து, காலனியின் கடைசி வீட்டிலிருந்து ஒவ்வொன்றுக்கும் உள்ள தூரத்தை மீட்டரில் எழுதுங்கள். சின்ன அளவில் பார்த்தால் குறியீடு பல கிராமங்களில் 1-ஐ ஒட்டியே வரும். அந்த எண் ஒரு கிராமத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டாது. தண்ணீருக்கு 40 மீட்டரா, 600 மீட்டரா என்பதுதான் காட்டும். எங்கள் கருத்தில் ப்ராஜெக்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடத்தையும் ‘அ’ பதிவேட்டையும் (புல எண் வாரியாக நில விவரம் உள்ள பதிவேடு) பார்க்கக் கேளுங்கள். எல்லாக் காலனியும் ஒரே மாதிரி உருவானதல்ல. சில பழைய சேரி, சில 1978-ஆம் ஆண்டின் அரிஜன நலத் திட்ட நில எடுப்புச் சட்டத்தின் கீழ் அரசே நிலம் எடுத்துக் கொடுத்தவை. ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. எனவே பழைய பெயர், புதுப்பெயர் இரண்டையும் அட்டவணையில் தனித்தனிப் பத்தியில் வையுங்கள்.

ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு காலனிக்குள் போகாதீர்கள். அவர் நிற்கும்வரை ‘எல்லாம் நல்லாத்தான் இருக்குது’ என்ற பதில்தான் கிடைக்கும். காலனிக்குத் தனியாக, முதலில் போங்கள். வாசலில் நின்று சாதியைக் கேட்காதீர்கள். தண்ணீர், வழி, வீட்டுமனை பற்றிக் கேட்டால் அது தானாக வரும். தாளில் பெயர் வேண்டாம், எண் போதும். எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் வழிகாட்டி ஆசிரியரிடம் மட்டும் இருக்கட்டும். 2012 நவம்பரில் நாயக்கன்கொட்டாய் பக்கம் காலனி வீடுகள் எரிக்கப்பட்ட மாவட்டம் தருமபுரி. யார் என்ன சொன்னார் என்பது வெளியே போனால், சொன்னவர்தான் அனுபவிப்பார்.

கூலி வேலைக்குப் போனவர்கள் திரும்பும் மாலை 5 மணிக்கு மேல் போனால் ஆள் இருப்பார்கள். பூட்டிய வீட்டை விட்டுவிடாமல் ‘பூட்டு’ என்று குறித்து, வேறு நாட்களில் இரண்டு முறை திரும்பிப் பாருங்கள். பெங்களூரு, திருப்பூருக்கு வேலைக்குப் போன குடும்பங்களை விட்டால் காலனியின் எண்ணிக்கை குறைந்து கணக்கே சாய்ந்துவிடும்.

ஓசூரை எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது 2019-ல் மாநகராட்சியானது. 2011 வார்டு எண்ணும் இப்போதைய வார்டு எண்ணும் ஒன்றாக இருந்தாலும், எல்லை ஒன்றுதானா என்று வரைபடத்தில் சரிபார்த்த பிறகே இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வாடகை வீடு தேடுபவர்களிடம், உரிமையாளர் கேட்ட கேள்விகளை வரிசை மாறாமல் எழுதி வாங்குங்கள்: ‘சொந்த ஊர் எது?’, ‘கறி சாப்பிடுவீங்களா?’, ‘அப்பா என்ன பண்றாரு?’ எந்தக் கேள்விக்குப் பிறகு ‘வீடு ஏற்கெனவே பேசியாச்சு’ என்று பதில் வந்தது என்பதையும் அதே வரியில் குறியுங்கள்.