இணைய விவாதத்தின் தரத்தை அளப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் சில ஆய்வேடுகளை மதிப்பிட உட்கார்ந்தபோது, தொடக்க காலத்தில் நான் செய்த பிழைகள் வரிசைகூட மாறாமல் எதிரே வந்து நின்றன. மாதிரி போதாது, அட்டவணை தவறு என்பனவற்றை நெறியாளரே பார்த்துக்கொள்வார், அவற்றை விட்டுவிடுகிறேன்.

மரியாதையைத் தரம் என்று கொள்வது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். ஸ்டீன்பெர்கன், பெக்டிகர் முதலியோர் 2003இல் நாடாளுமன்ற விவாதங்களுக்காக உருவாக்கிய விவாதத் தரக் குறியெண்ணில் மரியாதை ஓர் அங்கம் மட்டுமே. சொன்னதற்குக் காரணம் காட்டினாரா, அக்காரணம் முடிவோடு பொருந்துகிறதா என்பதும் அதில் உண்டு. பின்னதை அளப்பது கடினம் என்பதால் அதைக் கைவிட்டு, வசைச்சொல் இல்லாத பதிவுக்கெல்லாம் மதிப்பெண்ணை அள்ளி வழங்கிவிடுகிறோம்.

குடிநீர்க் கட்டணம் குறித்து மக்கள் எழுதிய கருத்துகளை நான் அப்படித்தான் தரம் பிரித்தேன். "ஐயா அவர்களின் முடிவை வணங்கி வரவேற்கிறேன்" என்பதற்கு முழு மதிப்பெண். "ஏய்யா, நாலு நாளைக்கு ஒருக்கா விடுற தண்ணிக்கு மீட்டர் வேறயா? குழாயைத் திறந்தா மொதல்ல காத்துதான் வருது, அதுக்கும் மீட்டர் ஓடுதே, காத்துக்குமா காசு?" என்பதற்கு இரண்டு. மீட்டர் காற்றையும் சேர்த்து அளக்கிறது என்பதைச் சுட்டிய ஒரே பதிவு அது! தரம் பிரித்த இருவருக்கும் இடையே எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதைக் காட்டும் அளவான கிரிப்பென்டார்ஃப் ஆல்பா நன்றாகவே இருந்தது. இருவரும் ஒரே தவறை ஒரே விதமாகச் செய்தால் அது உயரத்தானே செய்யும்? கட்டுரை திரும்பி வந்தது, ஆறு மாத உழைப்பை முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று.

முரட்டுப் பேச்சு வேறு, பிறர் உரிமையை மறுக்கும் பேச்சு வேறு என்பதை ஜிஸி பாபாகாரிசி 2004இலேயே பிரித்துக் காட்டியிருந்தார். நான் அதை மேற்கோள் பட்டியலில் சேர்த்திருந்தேனே தவிர, படித்த லட்சணம் அவ்வளவுதான். இயந்திரத்திடம் ஒப்படைத்தாலும் இது தீராது: கறுப்பின அமெரிக்கர்களின் வட்டார ஆங்கிலம் நச்சுப்பேச்சு என அதிகமாகக் குறிக்கப்படுவதை மார்ட்டென் சாப் குழுவினர் 2019இல் காட்டினர். ஒருமையில் பேசுவது நெருக்கமாகவும், "ஐயா" என்பது நக்கலாகவும் இருக்கக்கூடிய தமிழில் கேட்கவே வேண்டாம்.

எண்ணிக்கையை ஆதரவு என்று கொள்வது

அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் 2017இல் இணையச் சமநிலை (எல்லாத் தளங்களையும் இணையச் சேவை நிறுவனங்கள் சமமாக நடத்த வேண்டும் என்ற கொள்கை) குறித்து மக்களிடம் கருத்துக் கேட்டபோது குவிந்த ஏறத்தாழ 2.2 கோடி கருத்துகளில் சுமார் 1.8 கோடி போலியானவை என்று நியூயார்க் அரசுத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் 2021இல் அறிவித்தது. அவற்றுள் 77 லட்சம் ஒரே ஒரு கல்லூரி மாணவரின் கைவரிசை.

எழுதாதவர்களை மறப்பது

பத்துப் பேர் எழுதியதற்கு "மக்கள் கருத்து" என்று தலைப்பிடாதீர்கள்.

ஒரே தளத்தின் தரவை நம்பியிருப்பது

ஆய்வாளர்கள் இலவசமாகத் தரவு எடுக்கும் வழியை ட்விட்டர் 2023இல் அடைத்தது. ஃபேஸ்புக் பதிவுகள் பரவுவதைப் பார்க்க ஆய்வாளர்களுக்கு உதவிய கிரவுட்டாங்கிள் கருவியை மெட்டா 2024 ஆகஸ்டில் மூடியது. இதனால் நடுவழியில் தலைப்பை மாற்ற நேர்ந்த இருவரை எனக்குத் தெரியும்; அவர்களுள் ஒருவர் இப்போது பழைய செய்தித்தாள்களின் வாசகர் கடிதங்களை ஆராய்ந்துகொண்டிருக்கிறார்.