பனியன் கம்பெனியில் மருத்துவ முகாம்: ஆட்களை வரவைப்பது எப்படி?

திருப்பூரில் ஹெச்.ஆர். வேலை பார்க்கிற நாலு பேர் சந்தித்துக்கொண்டால் “கேம்ப் போட்டோம், ஆளே வரலை” என்ற புலம்பல் கட்டாயம் வரும். நானும் புலம்பியவன்தான். முதல் முகாமுக்குப் பந்தல், பேனர், பலூன் எல்லாம் கட்டிக் காத்திருந்தோம். 180 பேர் வேலை செய்கிற கம்பெனி. மதியம் வரை 20 பேர்கூட வரவில்லை. வந்தவர்களிலும் பாதிப் பேர் ஆபீஸ்காரர்கள். “இவங்களுக்கு உடம்பு மேல அக்கறையே இல்லைங்க” என்றார் வந்திருந்த டாக்டர். நானும் தலையாட்டினேன்.

சாயந்திரம் பவர் டேபிளில் தைக்கிற ஓர் அக்காவிடம் ஏன் வரவில்லை என்று கேட்டேன். மிஷினிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்: “நான் வந்தா எம் பீஸை யாருங்க சார் தைப்பாங்க? அப்புறம், சுகர் இருக்குதுன்னு தெரிஞ்சா வேலைக்கு வர வேண்டாம்னு சொல்லீருவீங்கள்ல?”

கூலி போகும், வேலையும் போகும். இந்த இரண்டு பயத்துக்கும் பதில் சொல்லாமல் எத்தனை பலூன் கட்டினாலும் பிரயோஜனம் இல்லை. முதல்முறை முகாம் நடத்துகிறவர்களுக்காக, நான் பட்டுத் தெரிந்துகொண்ட வரிசையில் எழுதுகிறேன்.

1. கண்ணிலிருந்து தொடங்குங்கள்

செப்டம்பர் 29 உலக இதய தினம், அதனால் ஈசிஜி எடுப்போம் என்று ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு முடிவு செய்யாதீர்கள். டீ நேரத்தில் தையல், செக்கிங், அயர்னிங் என்று பிரிவுக்கு இரண்டு பேரிடம் பேசுங்கள். எங்கள் செக்கிங் ஆட்கள் கேட்டது கண் பரிசோதனை. நாள் முழுக்க டியூப் லைட்டுக்குக் கீழே துணியில் ஓட்டை தேடுகிற வேலை அல்லவா? 40 வயதைத் தாண்டிய டெய்லர்களுக்கு வெள்ளெழுத்து வந்து, ஊசியில் நூல் கோக்கப் பக்கத்து மிஷின் பையனைக் கூப்பிட வேண்டியிருக்கும்.

கண் சரியில்லை என்று சொல்ல யாரும் கூச்சப்படுவதில்லை. கண்ணாடி போட்ட மறுநாளே வித்தியாசம் தெரியும். கம்பெனி முகாம் என்றால் நல்லதுதான் நடக்கும் என்ற நம்பிக்கை வந்துவிட்டால், அடுத்தமுறை பிரஷர், சுகர் என்று கூப்பிடலாம்.

2. தேதி

ஷிப்மென்ட் வாரம் வேண்டாம். சனிக்கிழமை சம்பள நாள், எல்லோருக்கும் வீட்டு நினைப்பு. திங்கள்கிழமை பாதி லைன் காலியாக இருக்கும். மிச்சம் புதன், வியாழன். தீபாவளிக்கு முந்தைய மாதத்தைப் பற்றி யோசிக்கவே யோசிக்காதீர்கள்.

3. போகிற கூலியைக் கணக்குப் போட்டுக் கொடுங்கள்

மாதச் சம்பளக்காரர் முகாமுக்கு வந்தால் அவருக்கு ஒன்றும் நஷ்டமில்லை. பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிறவருக்கு, 40 நிமிடம் என்பது நேராகப் பணம். உதாரணத்துக்கு, ஒரு டெய்லர் 8 மணி நேரத்தில் 720 ரூபாய்க்குத் தைக்கிறார் என்றால் மணிக்கு 90 ரூபாய், 40 நிமிடத்துக்கு 60 ரூபாய். முந்தைய வாரச் சராசரியை எடுத்து, அந்த 60 ரூபாயைச் சனிக்கிழமைச் சம்பளத்தில் தனி வரியாகக் காட்டுங்கள். இதை முகாமுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

முதலாளி முகம் சுளிப்பார். பேனருக்கும் பரிசுப் பொருளுக்கும் ஒதுக்கிய தொகையைக் காட்டி, அதை இதற்கு மாற்றச் சொல்லுங்கள். குலுக்கலில் குக்கர் கொடுத்தால் ஒருவருக்குத்தான் சந்தோஷம்.

4. ரிசல்ட் யார் கைக்குப் போகும்?

இது உறுதியாகாமல் ஒருவரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். எங்கள் முதல் முகாமில் பிரஷர் இருந்தவர்களின் பெயர்ப் பட்டியலை நல்லெண்ணத்தில் நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்கள். டாக்டரைப் பார்க்கச் சொல்லி நினைவூட்டுவதாக நினைப்பு! அதில் பேர் வந்த ஒருவர் ஒரு வாரம் வேலைக்கே வரவில்லை.

ரிசல்ட்டை நர்ஸ் உறையில் போட்டு ஒட்டி, சம்பந்தப்பட்டவர் கையில் மட்டும் கொடுக்கட்டும். ஆபீஸுக்கு எண்ணிக்கை போதும்: இத்தனை பேர் வந்தார்கள், இத்தனை பேருக்குப் பிரஷர் அதிகம். பெயர் வேண்டாம். நோட்டீஸில் இப்படி எழுதுங்கள்:

“பரிசோதனை முடிவு உங்களுக்கு மட்டும். அதை வைத்து யாரையும் வேலையிலிருந்து நிறுத்தவோ, வேறு பிரிவுக்கு மாற்றவோ மாட்டோம். வர விருப்பமில்லாதவர் வர வேண்டாம். காரணம் கேட்க மாட்டோம்.”

கீழே முதலாளி கையெழுத்து. கடைசி வரியை எடுத்துவிடச் சொல்வார்கள், விடாதீர்கள். கட்டாயம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் சிலர் வரவே யோசிப்பார்கள். ஒடிசா, பீகார் ஆட்கள் இருந்தால் இதே நோட்டீஸ் ஒடியாவிலும் இந்தியிலும் வேண்டும். அதைவிட, அவர்கள் ஹாஸ்டலில் மற்றவர்கள் மதிக்கிற ஒருவரை முதலில் வரவைத்தால் மிச்சப் பேர் தானாக வருவார்கள்.

இலவச முகாம் நடத்தித் தருகிறோம் என்று தனியார் ஆஸ்பத்திரி எதுவும் வந்தால், ஆட்களின் போன் நம்பரைக் கொடுக்காதீர்கள். மறுநாளிலிருந்து பேக்கேஜ் விற்கக் கூப்பிட ஆரம்பித்தால் உங்கள் பேரும் சேர்ந்து கெடும்.

5. சூப்பர்வைசரைச் சரிக்கட்டுங்கள்

அன்றைய டார்கெட் அவர் தலையில் இருக்கிறவரை யாரையும் விடமாட்டார். முகாம் நாளுக்கு டார்கெட்டைக் குறைத்து எழுதிக் கொடுங்கள். லைனில் ஓவர்லாக் மிஷின் நின்றால் அடுத்திருக்கும் பிளாட்லாக் மிஷினுக்குத் துணி வராது. அதனால் ஒரே வேலைக்காரர்களை மொத்தமாகக் கூப்பிடாமல், வேலைக்கு ஒருவராக நாலைந்து பேரை அனுப்பச் சொல்லுங்கள். டோக்கனில் நேரத்தை எழுதிவிடுங்கள். முதல் டோக்கன் சூப்பர்வைசருக்கே.

ஒரு விஷயம் இங்கே சொல்லியாக வேண்டும். ‘தினமும் 3 லிட்டர் தண்ணீர் குடியுங்கள்’ என்று போஸ்டர் ஒட்டிய சுவருக்குப் பக்கத்திலேயே, கழிப்பறைக்குப் போக சூப்பர்வைசரிடம் அட்டை வாங்குகிற ஏற்பாட்டைப் பார்த்திருக்கிறேன். தையல் பெண்கள் ஏன் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை என்பதற்கு வேறு ஆராய்ச்சி தேவையில்லை. அந்த அட்டையை ஒழித்துவிட்டு முகாம் போடுங்கள்.

6. முகாம் நாள்

ஒருவருக்கு 3 நிமிடம் என்றால் 180 பேருக்கு 540 நிமிடம், அதாவது 9 மணி நேரம். மூன்று மேஜை போட்டால் 3 மணி நேரம். எத்தனை நர்ஸ் வேண்டும் என்பதை இப்படிக் கணக்கிட்டுக் கேளுங்கள்.

பிரஷர் மேஜைக்கு முன் பெஞ்ச் அவசியம். லைனிலிருந்து வேகமாக நடந்து வந்தவருக்கு உடனே பார்த்தால் அளவு கூடத்தான் காட்டும். 5 நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். டீ, பீடி, சிகரெட் எதுவும் அரை மணி நேரத்துக்குள் கூடாது. டீ இடைவேளை முடிந்த கையோடு டோக்கன் கொடுத்தால் பாதிப் பேருக்கு வீண் பயம்தான் மிஞ்சும்.

சுகரில்தான் நாங்கள் பெரிய தப்புச் செய்தோம். வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருந்தோம். லேப் ஆட்கள் வந்து சேர 11 மணி ஆகிவிட்டது. கிராமத்திலிருந்து காலை ஆறரை வண்டிக்குக் கிளம்பிய ஒரு பெண், மிஷினிலேயே மயங்கிச் சாய்ந்தாள். ஊசிக்குக் கை போகாதது எங்கள் நல்ல நேரம். இப்போதெல்லாம் வெறும் வயிற்றுப் பரிசோதனை என்றால் ஷிப்டு தொடங்கியதும் முதல் வேலை அதுதான். பக்கத்திலேயே சூடாக இட்லி, பொங்கல். நேரத்துக்கு நடக்காது என்று தோன்றினால் ஹெச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனையை எடுக்கச் சொல்லுங்கள். செலவு கூடுதல்தான், ஆனால் சாப்பிட்டுவிட்டே வரலாம். மூன்று மாதச் சராசரியும் தெரியும்.

பெண்களுக்குப் பெண் நர்ஸ், மறைப்புத் திரை. ஹீமோகுளோபின் பரிசோதனையை விடாதீர்கள். கர்ப்பிணி அல்லாத பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. சாயந்திரமானால் கிறுகிறுப்பு என்று சொல்கிற பலருக்கும் காரணம் அங்கேதான் கிடைக்கும்.

7. அடுத்த இரண்டு வாரம்

முகாமில் பிரஷர் 140/90-க்கு மேல் என்று தெரிந்தவர் அடுத்து என்ன செய்வார்? லீவு போட்டு ஆஸ்பத்திரி போகக் கூலி இடிக்கும். உறைக்குள்ளேயே ஒரு சீட்டு வைத்துவிடுங்கள்: ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசு காப்பீடு) டிஸ்பென்சரி எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்குப் போகலாம், எந்த அட்டையை எடுத்துப்போக வேண்டும். ஈஎஸ்ஐக்காகக் கூலியில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். தேவையான நாள்கள் சந்தா கட்டியிருந்து, டாக்டர் ஓய்வு எழுதிக் கொடுத்தால், வருடத்துக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் கிடைக்கும் என்பது பலருக்குத் தெரியாது. அதையும் எழுதுங்கள். பிரஷர், சுகர் மாத்திரை தொடர்ந்து சாப்பிட வேண்டியவர்களுக்கு, 2021-ல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டிஸ்பென்சரி போகிறவருக்கு அரை நாள் அனுமதி கொடுங்கள், என்ன வியாதி என்று கேட்காமல். எங்கள் கம்பெனியில் முதலில் அந்த அரை நாளைக் கேட்டு வந்தது அந்தப் பவர் டேபிள் அக்காதான். ஒட்டிய உறையை டிபன் பைக்குள் திணித்தபடி, “வியாழக்கிழமை மதியம் போய்ட்டு வந்துர்றேனுங்க சார்” என்றார். சரிங்கக்கா என்று எழுதிக்கொண்டேன்.