அப்டேட் போட்டதும் போன் திணறுகிறதா? ரீசெட்டுக்குப் போகும் முன் இதையெல்லாம் செய்யுங்கள்

போன வாரம் என் ஆண்ட்ராய்டு போனில் அப்டேட் போட்டேன். மறுநாள் காலை மளிகைக் கடையில் பணம் அனுப்ப ஸ்கேனரைத் திறந்தால் திரை கறுப்பாகவே நிற்கிறது. கேமரா விழிப்பதற்குள் பின்னால் நின்றவர் நோட்டை நீட்டி, சில்லறையும் வாங்கிப் போய்விட்டார். கையில் பிடித்தால் சூடு. மதியத்துக்குள் சார்ஜ் பாதி காலி. 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு உள்ள மூன்று வருடப் போன் அது. இப்போது பழையபடி ஓடுகிறது. நான் செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் ஓர் இரவு முழுக்க சார்ஜில் போட்டுவிட்டுத் தொடாமல் இருங்கள். சிஸ்டம் மாறியதும் எல்லா ஆப்களையும் அதற்கேற்ப போன் மறுபடி தயார்செய்ய வேண்டும். முன்பெல்லாம் அப்டேட் முடிந்ததும் "ஆப்டிமைசிங் ஆப்" என்று எண்கள் ஓடுமே, அதே வேலைதான். 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7-இல் அந்தத் திரையை எடுத்துவிட்டார்கள். ஆனால் வேலை மிச்சம் இருக்கிறது. போன் சார்ஜில் சும்மா கிடக்கும் நேரத்தில் பின்னணியில் நடக்கிறது. அதனால் முதல் இரண்டு நாள் சூட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

அடுத்து இடம். சேமிப்பு நிரம்பி வழிந்தால் எழுதும் வேகமே படுத்துவிடும். பத்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் "மேனேஜ் ஸ்டோரேஜ்" போனால் பலமுறை பார்வர்ட் ஆனவையும் 5 எம்பிக்கு மேற்பட்டவையும் தனித்தனியாக இருக்கும். எனக்கு அங்கே மட்டும் 9 ஜிபி கிடைத்தது. சுத்தம் செய்ய கூகுளின் பைல்ஸ் ஆப் போதும். "ரேம் பூஸ்டர்" என்று வருபவற்றைத் தயவுசெய்து நீக்கிவிடுங்கள். அவை ஆப்களை மூட, ஆப்கள் திரும்ப எழ, பேட்டரிதான் கரையும்.

பிளே ஸ்டோரில் எல்லா ஆப்களையும் அப்டேட் செய்யுங்கள், குறிப்பாக ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ. ஆப்களுக்குள் இணையப் பக்கங்களைக் காட்டுவது இதுதான். 2021 மார்ச்சில் இது ஒன்று கெட்டதில் ஜிமெயில் உட்படப் பல ஆப்கள் உலகம் முழுக்கத் தானாக மூடிக்கொண்டன.

இனி வருவதை நிதானமாகப் படியுங்கள். கேஷ் பார்ட்டிஷனை, அதாவது சிஸ்டம் தன் தற்காலிகக் கோப்புகளை வைக்கும் பகுதியை, துடைக்க வேண்டும். போனை அணைத்து, பவர் பட்டனையும் வால்யூம் அப் பட்டனையும் சேர்த்து அழுத்தினால் பெரும்பாலான போன்களில் ரிகவரி திரை வரும். வழக்கம்போல் போன் எழாமல் வரும் பழுதுபார்ப்புப் பட்டியல் அது. பல போன்களில் அங்கே தொடுதிரை வேலை செய்யாது. வால்யூம் பட்டனால் இறங்கி, பவர் பட்டனால் தேர்ந்தெடுக்க வேண்டும். நமக்கு வேண்டியது "வைப் கேஷ் பார்ட்டிஷன்". பெரும்பாலும் அதற்கு நேர் மேல் வரியிலேயே "வைப் டேட்டா, ஃபேக்டரி ரீசெட்" இருக்கும். இரண்டு வருடத்துக்கு முன் அக்கா போனில் நான் ஒரு வரி முன்னாலேயே நின்று அழுத்திவிட்டேன். உறுதி கேட்டதையும் படிக்காமல் "யெஸ்" கொடுத்தேன். அவள் மகனின் காதுகுத்துப் படங்கள் அத்தனையும் போயின. இன்றும் அதை நினைத்தால் மனசு கனக்கிறது. ஆகவே முதலில் பேக்கப் எடுங்கள். அழுத்தும் முன் அந்த வரியை வாய்விட்டுப் படியுங்கள். உறுதி கேட்கும் இடத்தில் "டேட்டா" என்ற சொல் இருந்தால் "நோ" கொடுத்துவிடுங்கள். கேஷை மட்டும் துடைத்தால் படங்களுக்கோ மெசேஜ்களுக்கோ எதுவும் ஆகாது.

கடைசியாக அனிமேஷன், அதாவது திரைகள் திறந்து மூடும்போது வரும் அசைவு. "அபவுட் போன்" பகுதியில் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் விண்டோ, டிரான்சிஷன், அனிமேட்டர் மூன்றையும் 0.5 ஆக்குங்கள். போனின் உண்மையான வேகம் இதனால் அதிகமாகாது, ஆனால் காத்திருப்பு குறையும். வேறு எதையும் அங்கே தொடாதீர்கள்.

பின்சேர்க்கை: கேஷ் துடைக்கும் வரியே இல்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். பிக்சல் போன்ற போன்களில் அந்தப் பகுதியே கிடையாது. அந்தப் படியை விட்டுவிடலாம். சாம்சங்கில் ரிகவரி திரையே வரவில்லை என்றார் இன்னொருவர். ஆண்ட்ராய்டு 11-க்குப் பிறகு அதற்கு ஒரு வழி உண்டு: யுஎஸ்பி கேபிளால் போனைக் கணினியோடு இணைத்துவிட்டு அதே பட்டன்களை அழுத்துங்கள். அவருக்கு அப்படித்தான் வந்தது.