‘நாளை’ என்று எழுதாதீர்கள்: ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் பொது விஷயம் எழுதும் முறை

மேலூர்ப் பக்கம் இருபத்தெட்டு வருடம் சுவர் எழுதியவன் நான். எல்லாக் கட்சிக்கும் எழுதியிருக்கிறேன். ராத்திரியோடு சுண்ணாம்பு அடித்து, நூல் பிடித்துக் கோடு போட்டு, விடிவதற்குள் சின்னத்தை முடித்துவிட்டு ஏணியை இறக்குவோம். இப்போது கட்சிக்காரர்களின் பேச்சு முக்கால்வாசி போனுக்குள் போய்விட்டது. எங்கள் ஊர் குரூப்பில் 412 பேர் இருக்கிறோம். அட்மின்களில் நானும் ஒருவன். அதில் எப்படி எழுதினால் காரியம் நடக்கிறது என்று பார்த்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் தேதி. மூன்று வருடத்துக்கு முன்பு, ‘நாளை காலை பெரியாறு கால்வாயில் மேலூர் பாசனத்துக்குத் தண்ணீர் திறப்பு’ என்று எனக்கு ஒரு செய்தி வந்தது. நல்ல செய்திதானே என்று குரூப்பில் போட்டேன். என் மச்சான் அதை நம்பி அன்றைக்கே விதைநெல்லை ஊறப்போட்டார். அது முந்தைய வருடத்துச் செய்தி. முளைகட்டிய நெல்லைக் கடைசியில் மாட்டுக்கும் கோழிக்கும் போட்டார்கள். மச்சான் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

சுவரில் நாங்கள் ‘நாளை’ என்று எழுதியதே இல்லை. எழுத்து மாதக்கணக்கில் நிற்கும் என்று தெரியும். தேதி, கிழமை, நேரம், இடம் நாலும் இல்லாமல் பிரஷ்ஷைக் கீழே வைக்கமாட்டோம். போனில் வருகிற எழுத்துக்கு அதைவிட ஆயுசு அதிகம். ‘இன்று’, ‘நாளை’, ‘நேற்று’ மூன்றையும் விட்டுவிட்டு, வருடத்தோடு தேதி போடுங்கள்.

அடுத்தது, யார் சொன்னது என்பது. இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்த செய்தி. இந்தியாவில் 2018இல் வாட்ஸ்அப், ஒரு நேரத்தில் ஐந்து பேருக்கோ குரூப்புக்கோ மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வைத்தது. 2020இல் இரட்டை அம்புக்குறிச் செய்திகளை ஒரு தடவைக்கு ஒருவருக்கு மட்டும் என்று சுருக்கியது. அப்படியும் நம் கைக்கு வந்துவிட்டதென்றால் ஒரு நிமிடம் நிறுத்தி வையுங்கள். கரண்ட் கட் என்றால் மின்வாரிய ஆபீசுக்கும், கால்வாய் என்றால் நீர்வளத்துறை ஆபீசுக்கும் போன் போட்டுக் கேட்டுவிட்டு, ‘கேட்டேன், இன்னார் சொன்னார்’ என்று சேர்த்துப் போடுங்கள்.

சாதியையோ சாமியையோ வைத்து ஆத்திரமூட்டும் வீடியோ என்றால் உண்மையா பொய்யா என்று குரூப்பில் விவாதமே வேண்டாம் என்பேன். எடுத்துவிட்டு, போட்டவர் வீட்டுக்கு நேரில் போய்ப் பேசுங்கள். நாலு பேர் பார்க்கக் கண்டித்தால் வீம்புக்கு இன்னும் இரண்டு போடுவார்.

குறை எழுதும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். ‘எத்தனை நாளாச்சு, கேட்க நாதியில்லையா’ என்று எழுதினால் ஐம்பது பேர் கோபப் பொம்மை போடுவார்கள், தண்ணீர் வராது. இப்படி எழுதிப் பாருங்கள்:

‘14.06.2025 சனிக்கிழமை முதல் வடக்குத் தெருக் குழாய்களில் தண்ணீர் இல்லை. 60 வீடுகள். மோட்டார் ஓடுகிறது; மேல்நிலைத் தொட்டிக்குக் கீழே வால்வு உடைந்திருக்கிறது. படம் இணைத்துள்ளேன். 16.06.2025 அன்று ஊராட்சிச் செயலரிடம் நேரில் சொல்லியிருக்கிறோம்.’

கீழே உங்கள் பெயர். படத்தில் தொட்டியோ கோவில் வளைவோ, இடம் தெரிகிற ஏதாவது ஒன்று இருக்கட்டும். வாய்ஸ் மெசேஜ் வேண்டாம். நாலு நிமிடம் பேசியதை எந்த அதிகாரியும் உட்கார்ந்து கேட்டு நான் பார்த்ததில்லை.

இத்தனையும் செய்துவிட்டுப் போனோடு நின்றுவிடாதீர்கள். 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலச் செய்தி எங்கள் போன்களில் ராத்திரி பகலாக ஓடியது. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியும் அந்தப் பகுதிக்குள் வந்தது. போனில் பொங்கியதோடு யாரும் வீட்டில் இருக்கவில்லை. அந்த வருடம் நவம்பர் 1இலிருந்து 23க்குத் தள்ளிப்போன கிராம சபைகளில் ஊர் ஊராகத் தீர்மானம் போட்டார்கள். 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை ஆயிரக்கணக்கில் நடந்தார்கள். ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

கிராம சபை வருடத்துக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒரு வாரம் முன்பே குரூப்பில் கேட்டு, ஊர்க் குறைகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். தீர்மானத்தை எழுதி, வாய்விட்டு வாசித்த பிறகுதான் கையெழுத்து. வெற்றுப் பக்கத்தில் ஒருபோதும் போடாதீர்கள். கையெழுத்தான தீர்மானப் பக்கத்தைப் படம் எடுத்து குரூப்பில் போட்டுவிடுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு கொடுத்தாலும் அப்படித்தான்: ரசீது எண் எல்லார் போனிலும் இருக்கட்டும். முதல்வரின் உதவி எண் 1100இல் பதிந்தாலும் எண்ணைக் குறித்துப் போடுங்கள்.

வேலை முடிந்ததும் அதையும் போடுங்கள். இதைத்தான் எல்லோரும் மறக்கிறோம். முடித்த சுவரில் கீழ் மூலையில் எங்கள் பெயரைச் சின்னதாக எழுதிக்கொள்வோம். கட்சிக்காரர்கள் ஒன்றும் சொல்லமாட்டார்கள். வடக்குத் தெருவில் வால்வு மாற்றிய அன்று, டேங்க் ஆபரேட்டர் பெயரையும் தேதியையும் போட்டு, தண்ணீர் பிடிக்கும் குடங்களின் படத்தோடு எழுதினேன். மறுநாள் அவரே கூப்பிட்டு, தெற்குத் தெரு வால்வும் ஒழுகுது, ஒரு எட்டு வந்து பாருங்கண்ணே என்றார்.