பழைய லேப்டாப் வாங்கும் முன்: காசு செலவழித்தும் சரிசெய்ய முடியாததை முதலில் பாருங்கள்

20,000 ரூபாய்க்குப் பக்கத்தில் கையில் இருக்கிறது, கல்லூரிக்கோ அலுவலக வேலைக்கோ ஒரு லேப்டாப் வேண்டும் என்றால் என் பரிந்துரை எப்போதும் ஒன்றுதான்: நிறுவனங்கள் மூன்று நான்கு வருடம் ஓட்டிவிட்டு மொத்தமாகத் தள்ளிவிடும் பிசினஸ் வரிசை மாடல்களில் ஒன்றை வாங்குங்கள். லெனோவோ திங்க்பேட் டி480, டெல் லாட்டிட்யூட் 7490, எச்பி எலைட்புக் 840 ஜி5 ஆகிய மூன்றும் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன. புதிதாக வாங்கினால் இதே தொகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் செலரான் என்ற மலிவு வகை பிராசஸர்தான். அதிலும் செலரான் என்4020 போன்றவற்றில் இரண்டே கோர்கள் (பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்). பிரவுசரில் பத்து டேப் திறந்தாலே திணறும்.

ஆனால் பழையதை வாங்கும்போது பலரும் தேய்ந்த பாடியையும் பேட்டரியையும் மட்டும் உற்றுப் பார்க்கிறார்கள். பேட்டரி போனால் மாற்றலாம், கீபோர்டு போனால் மாற்றலாம், ஸ்கிரீனைக்கூட மாற்றலாம். மாற்றவே முடியாத சில விஷயங்கள் உண்டு. சோதனை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இந்தக் குறிப்பும் அதே வரிசையில்தான் போகிறது.

கையோடு எடுத்துப்போக வேண்டியவை

பேட்டரியின் நிலையைக் காட்டும் பேட்டரி இன்ஃபோ வியூ, எஸ்எஸ்டி எனும் சேமிப்பகத்தின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ ஆகிய இரண்டு மென்பொருள்களின் இன்ஸ்டால் தேவைப்படாத பதிப்புகளை ஒரு பென் டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் இலவசம். இயர்போன், எச்டிஎம்ஐ கேபிள், போனை லேப்டாப்போடு இணைக்க ஒரு யூஎஸ்பி கேபிள், போனில் டேட்டா. டைப்-சி 65 வாட் சார்ஜர் இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாளே விற்பவருக்குப் போன் செய்து, "விண்டோஸை முழுசா ரீசெட் பண்ணி, முதல் முறை ஆன் பண்ணும்போது வர்ற செட்டப் திரையிலேயே நிறுத்தி வையுங்க" என்று சொல்லிவிடுங்கள். ஏன் என்பது கீழே வருகிறது. நேரில் போய்க் கேட்டால் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும் வேலை இது, கூட்டமான கடையில் செய்து தர மாட்டார்கள்.

படி 1: பிராசஸரின் எண்

"ஐ5 சார்" என்று சொன்னால் அதோடு நின்றுவிடாதீர்கள். ஐ5-க்குப் பின்னால் வரும் எண்தான் முக்கியம். ஐ5-7300யூ என்றால் ஏழாம் தலைமுறை, 2 கோர். ஐ5-8250யூ அல்லது 8350யூ என்றால் எட்டாம் தலைமுறை, 4 கோர். ஒரே ஒரு தலைமுறை வித்தியாசம்தான், ஆனால் கோர் எண்ணிக்கை இரட்டிப்பு.

இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அங்கீகரிக்கிறது. ஆறாம், ஏழாம் தலைமுறை மெஷினிலும் இந்தத் தகுதிச் சோதனையைத் தாண்டும் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 போட்டு விற்கிறார்கள். ஆன் செய்தால் ஓடும். அடுத்த பெரிய பதிப்பு வரும்போது அது தானாக வந்து சேராது, அப்டேட் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. அதனால் திரையில் விண்டோஸ் 11 தெரிவதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

படி 2: பூட்டுகள்

அதிகம் பேர் ஏமாறும் இடம் இது. நிதானமாகப் படியுங்கள். மூன்று பூட்டுகள் இருக்கலாம்.

முதலாவது பயாஸ் பாஸ்வேர்டு. பயாஸ் என்பது விண்டோஸ் வருவதற்கு முன்பே ஓடும் அடிப்படை செட்டிங் திரை. ஆன் செய்தவுடன் லெனோவோவில் எஃப்1, டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10 அழுத்துங்கள். பாஸ்வேர்டு கேட்காமல் உள்ளே போக வேண்டும். போனால் மட்டும் போதாது, ஏதாவது ஒரு செட்டிங்கை மாற்றிச் சேமித்துப் பாருங்கள். சில மெஷின்கள் பார்க்க விடும், மாற்ற விடாது. திங்க்பேடில் இந்த பயாஸ் பூட்டான சூப்பர்வைசர் பாஸ்வேர்டு தெரியாவிட்டால் லெனோவோ சொல்லும் தீர்வு மதர்போர்டையே மாற்றுவதுதான். "அதனால ஒண்ணும் ஆகாது சார், விண்டோஸ் ஓடுதுல்ல" என்பார்கள். நாளைக்கு பென் டிரைவிலிருந்து பூட் செய்ய வேண்டி வந்தால் அன்றைக்குத்தான் தெரியும்.

பயாஸுக்குள் இருக்கும்போதே இரண்டாவதையும் பார்த்துவிடுங்கள். செக்யூரிட்டி பகுதியில் கம்ப்யூட்ரேஸ் அல்லது அப்சல்யூட் என்ற பெயரில் ஒரு வரி இருக்கும். திருடுபோன மெஷினைத் தேடவும் தூரத்திலிருந்து முடக்கவும் நிறுவனங்கள் பயன்படுத்தும் வசதி இது. அதன் நிலை 'நாட் ஆக்டிவேட்டட்' அல்லது 'டிஸேபிள்டு' என்று இருந்தால் நல்லது. 'ஆக்டிவேட்டட்' என்று இருந்தால் வேண்டாம். பயாஸில் தெரியும் சீரியல் நம்பரையும் அடிப்பக்க ஸ்டிக்கரில் இருப்பதையும் ஒப்பிடுங்கள். பொருந்தவில்லை என்றால் போர்டோ அடிப்பாகமோ வேறு மெஷினிலிருந்து வந்தது.

மூன்றாவதுதான் மிக மோசமானது: விண்டோஸ் ஆட்டோபைலட், அதாவது நிறுவனங்கள் தங்கள் லேப்டாப்புகளைத் தூரத்திலிருந்து அமைத்துக்கொள்ளும் வசதி. நிறுவனங்கள் தங்கள் லேப்டாப்புகளின் ஹார்டுவேர் அடையாளத்தை மைக்ரோசாஃப்ட் சர்வரில் பதிவு செய்து வைத்திருக்கும். விற்கும்போது அந்தப் பதிவை நீக்க வேண்டும், பல நேரம் மறந்துவிடுகிறார்கள். பதிவு மெஷினுக்குள் இல்லாததால் ஃபார்மேட் செய்தாலும் எஸ்எஸ்டி மாற்றினாலும் போகாது. பழைய நிறுவனம் மனது வைத்து நீக்கினால்தான் உண்டு.

இது ஏன் கடையில் தெரிவதில்லை? இந்தப் பூட்டு ரீசெட்டுக்குப் பிறகு, செட்டப் திரையில், இணையம் இணைந்திருக்கும்போது மட்டுமே தலைகாட்டும். விற்பவர் இணையமே இணைக்காமல் செட்டப்பை முடித்து வைத்திருந்தால் எல்லாம் சரியாக ஓடுவது போலத் தெரியும். ஆறு மாதம் கழித்து நீங்கள் ரீசெட் செய்யும்போது வேறொரு நிறுவனத்தின் பெயர் திரையில் வந்து அலுவலக மின்னஞ்சல் கேட்கும். அப்போது கடைக்காரரிடம் போனாலும் வாரண்டி முடிந்திருக்கும்.

அதனால்தான் முந்தின நாளே ரீசெட் செய்யச் சொன்னது. கடையில் அந்த செட்டப் திரையில் உங்கள் போன் இணையத்தை இணையுங்கள். வைஃபை டிரைவர் இல்லாமல் திணறினால் கேபிள் போட்டு, போனின் இணையத்தை லேப்டாப்புக்குத் தரும் யூஎஸ்பி டெதரிங்கைப் போனில் ஆன் செய்யுங்கள், அது பெரும்பாலும் வேலை செய்யும். இணைந்ததும், சொந்தப் பயன்பாட்டுக்கா அல்லது அலுவலகம், பள்ளிக்கா என்று விண்டோஸ் உங்களிடமே கேட்டால் பூட்டு இல்லை. கேட்காமல் ஒரு நிறுவனத்தின் பெயரையோ லோகோவையோ காட்டி லாகின் கேட்டால் பேரமே பேசாமல் வெளியே வந்துவிடுங்கள். எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

விண்டோஸ் ஹோம் பதிப்பில் ஆட்டோபைலட் வேலை செய்யாது, அதனால் பூட்டு இருந்தாலும் தெரியாது. பிசினஸ் மாடல்கள் பொதுவாக விண்டோஸ் ப்ரோவோடு வருபவை. அப்படிப்பட்ட மெஷினில் ஹோம் போடப்பட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள், ப்ரோ போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

மேக்புக் பார்க்கிறவர்களுக்கும் இதே கதைதான். முழுதும் அழித்துவிட்டு வைஃபை இணைத்ததும் ரிமோட் மேனேஜ்மென்ட் என்ற திரையோ பழைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்கோ வந்தால் தொடாதீர்கள்.

பூட்டு இல்லை என்று உறுதியானதும் செட்டப்பை முடித்து டெஸ்க்டாப்புக்குக் கொண்டுவரும் வேலையை விற்பவரிடமே விடுங்கள். மீதிச் சோதனைகள் அங்கே.

படி 3: போர்ட்டுகள்

எல்லா யூஎஸ்பி ஓட்டையிலும் பென் டிரைவைச் செருகிப் பாருங்கள். எச்டிஎம்ஐயில் ஒரு மானிட்டரை மாட்டுங்கள். இயர்போன், மைக், கேமரா எல்லாம் ஐந்து நிமிட வேலை.

டி480 வாங்குபவர்கள் டைப்-சி போர்ட்டில் கூடுதல் நேரம் செலவிட வேண்டும். 2017 முதல் 2019 வரை வந்த பல திங்க்பேடுகளில் டைப்-சி போர்ட்டை இயக்கும் தண்டர்போல்ட் சிப்பின் பழைய ஃபர்ம்வேரில் (சிப்புக்குள் இருக்கும் மென்பொருள்) ஒரு கோளாறு இருந்தது. நாளடைவில் டைப்-சி வழி சார்ஜ் ஏறாது, சில மெஷின்களில் எச்டிஎம்ஐயும் நின்றுவிடும். லெனோவோ இதற்குத் திருத்திய ஃபர்ம்வேர் வெளியிட்டது. ஆனால் ஏற்கெனவே கெட்டுப்போன சிப்பைச் சாதாரண அப்டேட்டால் மீட்பது சிரமம். ஆகவே டைப்-சி போர்ட் ஒவ்வொன்றிலும் சார்ஜ் ஏறுகிறதா என்று தனித்தனியாகப் பாருங்கள். ஏறினால் வாங்கிய அன்றே தண்டர்போல்ட் ஃபர்ம்வேரை அப்டேட் செய்துவிடுங்கள்.

படி 4: பேட்டரி

பேட்டரி இன்ஃபோ வியூவைத் திறந்தால் இரண்டு எண்கள் தெரியும்: தயாரித்தபோது இருந்த கொள்ளளவு, இப்போது முழுதாக ஏறும் கொள்ளளவு. இரண்டாவது முதலாவதில் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நல்ல நிலை. 60-க்குக் கீழே என்றால் புது பேட்டரியின் விலையைக் கேட்டு அதைக் கழித்துப் பேரம் பேசுங்கள். டி480-இல் உள்ளே ஒன்று, பின்னால் கழற்றக்கூடியது ஒன்று என இரண்டு பேட்டரி. இரண்டின் கணக்கையும் பாருங்கள்.

இரண்டு எண்ணும் அச்சாக ஒன்றாகவே இருந்து, சார்ஜ் சுழற்சி பூஜ்யம் என்று காட்டினால் சந்தோஷப்படாதீர்கள். புது டூப்ளிகேட் பேட்டரியாக இருக்கலாம், அல்லது பழைய செல்லை வைத்துக்கொண்டு சிப்பில் உள்ள கணக்கை மட்டும் அழித்திருக்கலாம். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு அரை மணி நேரம் வீடியோ ஓடவிடுங்கள். 50 வாட்-மணி பேட்டரி, 10 வாட் செலவு என்றால் அரை மணியில் 5 வாட்-மணி, அதாவது 10 சதவீதம் இறங்க வேண்டும். எவ்வளவு வாட் செலவாகிறது என்பதை அதே மென்பொருள் காட்டும். 25 சதவீதம் இறங்கினாலோ, 40-லிருந்து திடீரென்று 5-க்குத் தாவினாலோ அந்த எண்கள் பொய்.

டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நின்றாலோ, சமமான மேஜையில் வைத்தும் மெஷின் ஆடினாலோ பேட்டரி உப்பியிருக்கலாம். அதை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

படி 5: ஸ்கிரீன், கீபோர்டு, எஸ்எஸ்டி, ரேம்

ஒரே மாடல் எண்ணில் 1366×768 ஸ்கிரீனும் வரும், எந்தக் கோணத்திலும் நிறம் மாறாத ஐபிஎஸ் வகை 1920×1080 ஸ்கிரீனும் வரும். விலை ஒன்றாகவே சொல்வார்கள். கீழிருந்து அண்ணாந்து பாருங்கள், நிறம் தலைகீழானால் அது மலிவான டிஎன் வகை. முழு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வெளிச்சத்தைக் கூட்டினால் அழுத்தத்தால் வந்த வெள்ளைத் திட்டுகள் தெரிந்துவிடும். நோட்புக்செக் தளத்தில் இந்த மாடல்களின் பல ஸ்கிரீன்களை அளந்து வெளியிட்டிருக்கிறார்கள். போவதற்கு முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

கீபோர்டில் ஒரு கட்டையும் விடாமல் அழுத்திப் பாருங்கள்.

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் ஹெல்த் சதவீதமும் ஓடிய மணி நேரமும் தெரியும். பழைய மெஷினில் ஓடிய நேரம் சில மணிகள்தான் என்றால் எஸ்எஸ்டியைப் புதிதாக மாற்றியிருக்கிறார்கள். தவறில்லை, ஆனால் பெயரே கேள்விப்படாத பிராண்ட் என்றால் முக்கியமான கோப்புகளை அதில் மட்டும் வைக்காதீர்கள்.

ரேம் விஷயத்தில் மாடல் பெயரை எழுத்து விடாமல் பார்ப்பது முக்கியம். டி480, லாட்டிட்யூட் 7490, எலைட்புக் 840 ஜி5 மூன்றிலும் இரண்டு ரேம் ஸ்லாட். டி480எஸ், டி490 இரண்டிலும் ஒரு பகுதி போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், ஸ்லாட் ஒன்றுதான். கொஞ்சம் தடிமனாக இருந்தாலும் டி480-ஐயே எடுங்கள் என்பேன்.

படி 6: சார்ஜர், பில்

டெல்லின் உருளை முனை சார்ஜரில் நடு ஊசி வழியாக லேப்டாப் சார்ஜரை அடையாளம் காணும். டூப்ளிகேட் சார்ஜர் என்றால் அடாப்டர் வகை தெரியவில்லை என்று திரையில் செய்தி வரும். பேட்டரி ஏறாது, பிராசஸரும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சார்ஜரின் மேல் 'ஆர்' என்று தொடங்கும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் இருந்தால் பிஐஎஸ் கேர் செயலியில் அடித்து, அது எந்த நிறுவனத்துடையது என்று சரிபார்க்கலாம்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் ஒரே மாடலைப் பத்துக் கடையில் பார்க்க முடியும். அங்கே விலையைவிட பில்லைக் கேளுங்கள். ஜிஎஸ்டி பில்லில் மாடலோடு சீரியல் நம்பரும் எழுதப்பட்டிருக்க வேண்டும், வாரண்டி எத்தனை நாள், எதற்கெல்லாம் என்பதும் வேண்டும். ஜிஎஸ்டி எண் 15 இலக்கம், தமிழ்நாட்டுக் கடை என்றால் 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி தளத்தில் அடித்தால் கடையின் பெயர் வரும். மாணவர்களுக்கு அரசு வழங்கிய இலவச லேப்டாப்புகளும் சில இடங்களில் விற்பனைக்கு வருகின்றன. அரசு முத்திரை தெரிந்தால் வாங்காதீர்கள்.

பின்சேர்க்கை

விண்டோஸ் ஆக்டிவேஷன் பக்கத்தில் டிஜிட்டல் லைசென்ஸ் என்று இருந்தால் சரி. ஏதோ நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வர் என்று காட்டினால் அது உங்களுக்கு உரிய லைசென்ஸ் அல்ல. இந்த மாடல்களின் பயாஸில் பெரும்பாலும் விண்டோஸ் ப்ரோவுக்கான லைசென்ஸ் கீ இருக்கும். சுத்தமாக மீண்டும் இன்ஸ்டால் செய்தால் தானாக எடுத்துக்கொள்ளும்.

ஆன்லைனில் வாங்கினால் பெட்டியைத் திறப்பதை நிறுத்தாமல் வீடியோ எடுங்கள், சீரியல் நம்பர் தெளிவாகத் தெரியட்டும். வந்த அன்றே முதல் வேலையாக ரீசெட் போட்டு, இணையம் இணைத்து, படி 2-ஐ முடியுங்கள். திருப்பி அனுப்பும் கெடு பெரும்பாலும் சில நாட்கள்தான். விற்பவர் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. புகார் பதியும்போது பில், வீடியோ, பூட்டுத் திரையின் படம் மூன்றும் கையில் இருக்கட்டும்.